மேலே வெள்ளை, கீழே சிவப்பு

அந்தக் கார் என்ன நிறம்?

எனக்கு ஒன்பது வயதில் எங்கள் வீட்டில் ஆளாளுக்கு என்னைக் கேட்ட கேள்வி இது. இப்போது எனக்குக் கல்யாணமாகி, எல்.கே.ஜி. படிக்கிற மகளும் இருக்கிறாள். கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை.

போன மாதம் கார் வாங்கலாம் என்று நானும் என் கணவரும் காரைக்காலில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். வண்டியைச் சுற்றி வந்து, உள்ளே உட்கார்ந்து, கதவைத் திறந்து மூடி எல்லாம் ஆன பிறகு, அங்கே இருந்த பெண் ஒரு படத்தை நீட்டினார். "ரூஃப் மட்டும் வேற கலர்ல வேணுமா மேடம்? டூயல் டோன். செவப்பு பாடி, வெள்ளை ரூஃப். இப்ப எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க."

என் கணவர், "நல்லாருக்கே" என்றார்.

நான், "யோசிச்சுச் சொல்றோம்" என்றேன்.

கார் வாங்குவதற்கே அவ்வளவு யோசிக்காதவள், அதன் கூரைக்கு ஏன் யோசிக்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். அவர் படிக்க மாட்டார். நீங்களாவது படியுங்கள்.

எங்கள் வீடு காரைக்காலை ஒட்டிய மீனவ ஊரான கருக்களாச்சேரியில் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு, கடலை விட்டுக் கொஞ்சம் தள்ளி அப்பா கட்டிய மாடி வீடு. அப்பாவுக்கு ஒரு விசைப்படகில் பங்கு இருந்தது. விற்றது போக மீந்த மீனை அம்மா மொட்டைமாடியில் கருவாடாகக் காயப் போடுவாள். காக்கை ஓட்டுவது என் வேலை. பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் தென்னங்குச்சியும் கையுமாக மாடியில்தான் இருப்பேன். தெருவில் யார் திரும்பினாலும் முதலில் எனக்குத்தான் தெரியும். "கீரைக்காரம்மா வருது", "கரண்ட் பில் ஆளு வர்றாரு" என்று மேலேயிருந்து குரல் கொடுப்பேன். வீட்டில் என் உத்தியோகத்துக்கு ஓரளவு மதிப்பு இருந்தது.

அப்பாவின் தங்கை, என் அத்தை, அப்போது எங்களோடுதான் இருந்தாள். கல்லூரி முடித்துவிட்டு, மேற்கொண்டு பி.எட். படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவின் அண்ணன், என் மாமா, நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்தார். ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறவர். சொந்தக் கார் உண்டு. "கல்யாணம் ஆனாப் படிக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா?" என்றார் அப்பா. உண்மைதான், யாரும் சொல்லவில்லை. படிக்கலாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

மாமா கொண்டுவந்த போட்டோவில் மாப்பிள்ளை ஒரு சிவப்புக் காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். பழைய, பெரிய கார். அத்தை போட்டோவை வாங்கிப் பார்த்தாள். "காரு நல்லாருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள். பிடித்திருக்கிறது என்றோ பிடிக்கவில்லை என்றோ அவள் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோரும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் பெண் பார்க்க வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்.

"செவப்புக் காரு தெருவுல திரும்புனதும் கீழே ஓடியாந்து அம்மாக்கிட்ட சொல்லணும். கத்தக் கூடாது. பொண்ணு பாக்க வர்றவங்களை ஏலம் போட்டுக் கூப்புடக் கூடாது. தெரிஞ்சுதா?"

"வேற காரு வந்தா?"

"வேற காரு வந்தா உனக்கென்ன, எனக்கென்ன?"

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் இருந்தது. அப்பாவின் பட்டு வேட்டி கடைசி நிமிடத்தில்தான் கட்டப்பட வேண்டும், இல்லாவிட்டால் கசங்கும். பஜ்ஜி கடைசி நிமிடத்தில்தான் எண்ணெயில் விழ வேண்டும், இல்லாவிட்டால் ஆறும். கருவாட்டைத் தார்ப்பாயால் மூடி ஊதுவத்தி கொளுத்த வேண்டும். வருகிறவர்களும் மீன் வியாபாரம் செய்கிறவர்கள்தான். அவர்கள் வீட்டு மாடியிலும் இதே நெத்திலிதான் காயும். ஆனாலும் பெண் பார்க்கிற அன்றைக்கு அந்த வீட்டில் மீன் வாசனை இருக்கக் கூடாது என்பது இரண்டு தரப்புக்கும் பொதுவான எதிர்பார்ப்பு.

மாமா அவர்களை எதிர்கொண்டு அழைத்து வருவதற்காகப் பெரிய சாலை முனைக்குப் போய் நின்றுகொண்டார். அத்தை முன்னறையில் பட்டுச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். அம்மா அடுப்படியில். அப்பா கொல்லையில் முகச் சவரம்.

நான் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவின் திருப்பத்தில் சொல்தா வீடு இருக்கிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவரை எங்கள் பக்கத்தில் சொல்தா என்பார்கள். அந்த வீட்டுக்குக் கீற்று வேலி. வேலிக்கு மேலே ஒரு கார் நகர்ந்து வருவது தெரிந்தது. கார் என்றால் காரின் மேல்பாதி. அது வெள்ளையாக இருந்தது.

சிவப்பு இல்லாததால் கத்தலாம் என்று எனக்குத் தெரியும். "அம்மா! வெள்ளைக்காரு!" என்று கத்தினேன். அதற்குள் ஒரு காக்கை கருவாட்டில் இறங்கிவிட்டது. அதை விரட்டப் போய்விட்டேன்.

இங்கேதான் எங்கள் ஊர் குறுக்கே வருகிறது. வேறு ஊராக இருந்தால் வெள்ளைக்காரு என்றால் வெள்ளை நிறக் கார் என்று முடிந்துபோயிருக்கும். சொல்தாவின் மகள் பிரான்சில் ஒரு வெள்ளைக்காரரைக் கட்டியிருந்தாள். அந்த மாப்பிள்ளை வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். வந்தால் லுங்கி கட்டிக்கொண்டு தெருவில் நடப்பார், எங்கள் மாடிக்கு வந்து கருவாட்டைப் போட்டோ எடுப்பார். அடுப்படியிலிருந்த அம்மாவின் காதில் விழுந்தது, வெள்ளைக்காரர் வருகிறார் என்று.

"இன்னைக்குன்னு பாத்தா வருவாரு?" என்றாள் அம்மா. "கருவாட்டைப் போட்டோ புடிக்கணும்னு மேலே ஏறி வந்துட்டா என்ன பண்றது?"

"வந்தா வரட்டும். மாப்ள வூட்டுக்காரங்க பாத்தா நம்மளுக்குப் பெருமைதான்" என்றது கொல்லையிலிருந்து அப்பாவின் குரல்.

அப்போது அத்தை படியில் பாதி தூரம் ஏறி வந்தாள். சேலைக் கொசுவத்தைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"ஏய், என்ன வந்துச்சு? வெள்ளைக்காரரா, வெள்ளைக் காரா?"

"காருதான் அத்தை. வெள்ளைக் காரு."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"செவப்பு இல்லையே?"

"இல்ல அத்தை."

அவள் தூக்கிப் பிடித்திருந்த கொசுவத்தைக் கீழே விட்டாள். பிறகு, "சரி" என்றாள். கீழே போய் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "நம்ம ஆளுங்க இல்லையாம் அண்ணி. பதறாமப் பாருங்க. எனக்கு வேர்த்து ஊத்துது, சேலையை மாத்திட்டு இருக்கேன். அவங்க வந்ததும் திரும்பக் கட்டிக்கறேன்."

"மாத்திக்க, மாத்திக்க. முனையில நிக்கிற எங்கண்ணன் போன் பண்ணும்ல" என்றாள் அம்மா.

அந்தக் கார் எங்கள் வீட்டைத் தாண்டி நேரே தெருக்கோடி மாரியம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறது. நல்ல காரியத்துக்கு வருகிறவர்கள் முதலில் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்கள். அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அது சிவப்புக் காருக்கான முறை. வெள்ளைக் கார் கோயிலுக்குப் போவதை யாரும் கவனிக்கவில்லை.

அத்தை நைட்டியில் மாடிக்கு வந்தாள். மேலே ஒரு துண்டு. என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நெத்திலியைத் திருப்பிப் போட ஆரம்பித்தாள். தலையில் மல்லியும் கனகாம்பரமும் அப்படியே இருந்தன.

"பூவை எடுக்கலையா அத்தை? வாடிடும்."

"இருக்கட்டும்டி."

கீழே கார்க் கதவுகள் அடுத்தடுத்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். அப்பா முகமெல்லாம் சோப்பு நுரையோடு, துண்டைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கண்ணில் சோப்பு. கண்ணைத் திறக்காமலே, "சொல்தா வூடுதானே? தாண்டி வந்துட்டீங்க, திருப்பத்துலயே இருக்கு" என்றார்.

"நாங்க பொண்ணு பாக்க வந்திருக்கோம்" என்றது ஒரு பெண் குரல். மாப்பிள்ளையின் அம்மா.

அதன் பிறகு கீழே நடந்ததை நான் பார்க்கவில்லை, கேட்டேன். ஒரு பாத்திரம் விழுந்தது. அம்மா அத்தையின் பெயரைச் சொல்லி ஒரு கத்துக் கத்தினாள். நான் கைப்பிடிச் சுவரில் தொற்றி எட்டிப் பார்த்தேன். எங்கள் வாசலில் கார் நின்றது. அப்போதுதான் அதை முழுசாகப் பார்த்தேன். கண்ணாடிக்குக் கீழே கோடு கிழித்தது போல, அதற்கு மேலே இருந்ததெல்லாம் வெள்ளை. கூரை, பானட், டிக்கி எல்லாமே. கோட்டுக்குக் கீழே போட்டோவில் பார்த்த சிவப்பு.

ஒருவர் மட்டும் உள்ளே போகாமல் கார் மேல் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். போட்டோவில் இருந்தவர்தான். என்னைப் பார்த்துவிட்டார்.

"பாப்பா, மேலேர்ந்து பாக்க வண்டி எப்புடி இருக்கு?"

"வெள்ளையா இருக்கு."

"செவப்பு தெரியலையா?"

"இப்பத் தெரியுது. அங்க திரும்புறப்பத் தெரியலை."

அவருக்கு ரொம்ப சந்தோஷமாகிவிட்டது. "டபுள் கலரு. படகுக்கு அடிக்கிற மாதிரியே, கீழே ஒண்ணு, மேலே ஒண்ணு. எங்க ஊரு படகு பெயிண்டருதான் அடிச்சாரு. இங்க வர்றதுக்குன்னே அடிச்சது" என்றார். பிறகு, "கூட யாரு இருக்காங்க?" என்றார்.

"அத்தை."

"என்ன பண்றாங்க?"

"நெத்திலி திருப்புறாங்க."

அவர் சிரித்தார். "சரி, திருப்பட்டும்" என்றார்.

அத்தை சுவருக்குப் பின்னால் தலை தெரியாமல் குனிந்திருந்தாள். கருவாட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

அம்மா படியேறி வந்து அத்தையை இழுத்துக்கொண்டு போனாள். கொல்லைப் பக்கமாகக் கூட்டிப் போய் அரைகுறையாகச் சேலையைச் சுற்றிக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாள். வேகாத பஜ்ஜி தட்டுக்கு வந்தது. காபித் தட்டை வாங்கும்போது மாப்பிள்ளையின் அம்மா அத்தையின் விரல் நகத்தில் ஒட்டியிருந்த செதிலைப் பார்த்தார்களாம். அவர்களுக்குச் செதில் என்பது புதிதில்லை. பெண் பார்க்கும் நாளில் அது அங்கே இருந்ததுதான் புதிது. அவர்கள் கிளம்புகிற நேரத்தில் மாமா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். சாலை முனையில் சிவப்புக் காருக்காகக் காத்து நின்றிருக்கிறார். அந்தக் கார் அவரைத் தாண்டித்தான் வந்திருக்கிறது.

ஒரு வாரம் கழித்து மாமாவே பதிலையும் கொண்டுவந்தார். "பையனுக்குப் புடிச்சிருக்காம். அவங்க அம்மாதான் வேணாங்குது. வர்றோம்னு சொல்லி வந்தும், வாசல்ல வாங்கன்னு சொல்ல ஆளில்லை, சொல்தா வூட்டுக்கு வழி சொல்றாங்க. எங்களை மதிக்காத எடத்துல எப்புடிப் பொண்ணு எடுக்கறதுன்னு கேக்குது. நான் என்ன பதில் சொல்ல?"

பிறகு விசாரணை. "நான் வெள்ளைக்காரருன்னு நெனச்சேன்" என்றாள் அம்மா. "நானும்தான்" என்றார் அப்பா. அத்தை சொன்னாள்: "புள்ளைய ஏன் வையிறீங்க? அது பாத்ததைச் சொன்னுச்சு."

"பாத்துச்சா? வண்டியில பாதிக்குப் பாதி செவப்பு. அது எப்புடிக் கண்ணுல படாமப் போவும்?" என்றார் மாமா. மேலேயிருந்து வெள்ளைதான் தெரிந்தது என்று சொல்லிப் பார்த்தேன். சாக்குச் சொல்லாதே என்றார்கள். மாடிக்கு ஏறித் திருப்பத்தைப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. சிலருக்குச் சிவப்பு நிறமே தெரியாது என்று மாமா எங்கேயோ கேள்விப்பட்டிருந்தார். பெண்பிள்ளை, நாளைக்கு இவளுக்கும் ஒரு கல்யாணம் ஆக வேண்டும், இப்போதே பார்த்துவிடுவது நல்லது என்று முடிவாயிற்று. மாமாவின் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

அத்தைதான் என்னைக் காரைக்காலுக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். புள்ளி புள்ளியாக இருந்த படங்களுக்குள் ஒளிந்திருந்த எண்களை டாக்டர் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். "கண்ணுல ஒரு குறையும் இல்லை. எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?" என்றார். அத்தை பர்ஸைத் திறந்து ஃபீஸை எடுத்து வைத்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். "உன் கண்ணு நல்லாத்தான்டி இருக்கு. எனக்கு மொதல்லயே தெரியும்" என்றாள். நான் வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து கரும்பலகையைப் படிப்பேன், அதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா எனக்கு வெள்ளைக்காரி என்று பெயர் வைத்தார். கருப்பான பிள்ளைக்கு அந்தப் பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது. என் கல்யாணத்தில்கூட, "வெள்ளைக்காரிக்கு மாப்ள கெடச்சாச்சு" என்று மைக்கில் சொன்னார்.

அத்தை அந்த வருஷமே பி.எட். சேர்ந்தாள். இப்போது நெடுங்காடு பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. பிறகு வந்த வரன்களில் ஏதாவது ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது. கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகளுக்கு முறுக்கு வாங்கிக்கொண்டு வருவாள். நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நினைக்கிறேன். அந்த 'நினைக்கிறேன்' இல்லாமல் இந்த வாக்கியத்தை எழுத முயன்று பார்த்தேன், வரவில்லை.

ஷோரூமுக்குப் போய் வந்த வாரம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். முன்னறையில் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அத்தை பட்டுச் சேலையோடு உட்கார்ந்திருந்த அதே அறை. அதன் ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது. சாரல் அடிக்காமலிருக்க அப்பா வீடு கட்டியபோதே அதன் மேல் தாழ்வாகத் தகரம் இறக்கியிருந்தார். அதனால் அந்த ஜன்னலில் தெருவில் போகிறவர்களின் தலை தெரியாது. சேலையையும் நடையையும் வைத்துத்தான் ஆளைச் சொல்வோம். அப்போது தெருவில் ஒரு கார் போனது.

"என்ன கலர் காரும்மா?" என்றாள் என் மகள்.

"நீலம்" என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், நான் பார்த்தது கதவுகளை மட்டும். அந்த ஜன்னலிலிருந்து எந்தக் காரின் கூரையும் தெரியாது. பானட்டும் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போன கார் இந்த ஜன்னலைத் தாண்டித்தான் போயிருக்கிறது. உள்ளே அத்தை இருந்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தால் சிவப்பு மட்டும்தான் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகுதான் படியேறி வந்து, நல்லாப் பாத்தியா, செவப்பு இல்லையே என்று என்னிடம் கேட்டிருக்கிறாள்.

அல்லது அந்த நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்திருந்தாளோ என்னவோ. அவளுக்கு வேண்டாம் என்றிருந்தால் தலையில் பூ எதற்கு? வேண்டும் என்றிருந்தால் நைட்டி எதற்கு? கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் குலுங்கியது சிரிப்பா? கூடச் சிரித்தவளுக்கு அது இன்னும் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இப்போது வாசலில் மணி அடித்தால் நான் மகளைத்தான் பால்கனிக்கு அனுப்பி, யார் என்று பார்த்துச் சொல்லச் சொல்கிறேன். அவள் சொன்னதும், "நல்லாப் பாத்தியா?" என்று கேட்கிறேன். கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று நாள் முழுக்க யோசிக்கிறேன்.

ஷோரூமிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது. வண்டி வந்ததும் மாரியம்மன் கோயிலில் பூஜை போட வேண்டும். அத்தை கட்டாயம் வருவாள். சிவப்பு பாடி, வெள்ளை ரூஃப் என்று வாங்கி நிறுத்தினால், அதைப் பார்த்துவிட்டு அவளே ஏதாவது சொல்லக்கூடும். சொல்லாமலும் போகக்கூடும். ஒரே நிறத்தில் வாங்கிவிட்டால் இந்தப் பேச்சே எழாது.

இதைப் படிக்கிறவர்களில் என்னை விட மூத்தவர்கள், அத்தையின் வயதில் இருப்பவர்கள் இருப்பீர்கள். உங்களிடம் ஒரு யோசனை கேட்கிறேன். காரின் நிறத்தை நானே எப்படியாவது முடிவு செய்துகொள்கிறேன். அன்றைக்கு ஜன்னலில் என்ன தெரிந்தது என்று அத்தையிடம் கேட்கலாமா, கூடாதா என்பதை மட்டும் சொல்லுங்கள்.